'அசத்து' என்றால் இல்லாததா? சிவஞானபோதம் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

மெய்கண்டார் எழுதிய சைவ சித்தாந்த அடிப்படை நூலான சிவஞானபோதத்தைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களில் பாதிப் பேர் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். இறை, உயிர், தளை மூன்றும் என்றும் உள்ள பொருள்கள் என்று முன்னுரை அடித்துச் சொல்லும். மாயை (உலகம் தோன்றுவதற்கு மூலமான பொருள்) பொய்யன்று, உலகம் பொய்யன்று என்றும் சொல்லும். நம்பிப் பக்கத்தைப் புரட்டினால் ஆறாம் நூற்பாவில் அதே உலகம் 'அசத்து' ஆகிவிடும். ஏழாம் நூற்பாவில் 'அசத்து இலது' என்றே வந்து நிற்கும். உள்ளதா, இல்லாததா, ஒரு முடிவுக்கு வாருங்கள் ஐயா என்று புத்தகத்தை மூடிவிடத் தோன்றும்.

மூட வேண்டாம். சத்து, அசத்து, சதசத்து என்ற மூன்று சொற்களையும் சரியான பொருளில் பிடித்துக்கொண்டால் இந்த முட்டுச்சந்து திறந்துவிடும். அதற்கு வடமொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாள்தோறும் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் மூன்று வாரம் போதும்.

1. முதலில் தேவையானவற்றைச் சேர்த்து வையுங்கள்

மூலம்: சிவஞானபோதம் மிகச் சிறிய நூல். 12 நூற்பா, மொத்தம் 40 அடி; ஒவ்வொன்றின் கீழும் விளக்கப் பகுதியும் உதாரண வெண்பாக்களும் வரும். மதுரைத் திட்டத்தின் மின்தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும். பன்னிரண்டையும் ஒரே தாளில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். அச்சிட்டு எடுத்தால் கண் ஓடிவிடும், கையால் எழுதும்போது ஒவ்வொரு சொல்லிலும் நின்றாக வேண்டும்.

உரை: திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் இந்நூலுக்கு இரண்டு உரை எழுதியிருக்கிறார். ஒன்று சிற்றுரை, மற்றது மாபாடியம். மாபாடியத்தில் தொடங்காதீர்கள். மாற்று மதத்தவர் கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்துக்கொண்டே போகும் உரை அது; யாரை மறுக்கிறார் என்று தெரியாமல் படித்தால் மறுக்கப்படும் கருத்தையே நூலின் கருத்தென்று குறிப்பெடுத்துக்கொள்வீர்கள். சிற்றுரையும், அதைத் தழுவி இக்காலத் தமிழில் எழுதப்பட்ட விளக்கவுரை ஒன்றும் போதும். வாங்கும் முன் ஏழாம் நூற்பாவின் உரையைத் திறந்து பாருங்கள். 'அசத்து' என்பதற்கு 'இல்லாதது' என்று மட்டும் போட்டுவிட்டு நகர்கிற உரையை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.

அகராதி: சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய அகராதிகள் தளத்தில் கட்டணமில்லாமல் தேடலாம்.

துணை நூல்: உமாபதி சிவாசாரியரின் திருவருட்பயன். 10 அதிகாரம், 100 குறள். இப்போதைக்கு இரண்டாம் அதிகாரமான 'உயிரவை நிலை' மட்டும் வேண்டும். இதுவும் இணையத்தில் இலவசம்.

ஆக, ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலையோடு வேலை தொடங்கிவிடும். உரைநூல் வாங்குவதாக இருந்தால் ஆதீனங்களின் புத்தக நிலையத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள். வகுப்பில் சேர விரும்பினால், திருவாவடுதுறை ஆதீனம் பல ஊர்களில் சைவ சித்தாந்த நேர்முகப் பயிற்சி நடத்தி வருகிறது. சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: கட்டணத்தில் பாடநூல்கள் அடக்கமா, போதத்தை எந்தக் கட்டத்தில் எடுப்பார்கள். பல வகுப்புகளில் உண்மை விளக்கம் போன்ற சிறு நூல் ஒன்றைத்தான் முதலில் வைப்பார்கள். அது நல்லதுதான், ஆனால் போதத்துக்காகவே சேருகிறவர் காத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும்.

2. பழைய அச்சில் சொற்பிரிப்பைச் சரிபாருங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. பழைய பதிப்புகள் சீர் பிரித்து அச்சிடும், சொல் பிரித்து அச்சிடா. ஆறாம் நூற்பாவின் முதலடி அவற்றில் 'உணருரு வசத்தெனி னுணரா தின்மையின்' என்று இருக்கும். புதியவர் கண்ணில் படுவது 'வசத்து'. யாருடைய வசத்தில் என்று தேடத் தொடங்குவார். அது 'உரு அசத்து'; நடுவே வந்தது உடம்படுமெய்.

ஏழாம் நூற்பா இன்னும் மோசம். 'சத்தே யறியா தசத்தில தறியா / திருதிற னறிவுள திரண்டலா வான்மா' என்று கிடக்கும். 'திருதிறன்' என்பதில் திருவும் இல்லை, 'திரண்டலா' என்பதில் திரள்வதும் இல்லை. பிரித்தால்: சத்தே அறியாது, அசத்து இலது அறியாது, இருதிறன் அறிவு உளது, இரண்டு அலா ஆன்மா.

திருவருட்பயனில் 'சத்தசத்தைச் சாரா(து)' என்று ஒரு குறள் தொடங்கும். இதைச் 'சதசத்து' என்ற கலைச்சொல்லின் வேறு வடிவம் என்று எண்ணிப் படித்தால் குறளே கவிழ்ந்துவிடும். அங்கே இருப்பவை இரண்டு தனிச் சொற்கள்: சத்து, அசத்தை. சத்தானது அசத்தைச் சாராது என்பது வாக்கியம்.

நூற்பாக்களை எழுதிய தாளில் பிரித்த வடிவத்தையும் கீழே எழுதிவிடுங்கள். 12 நூற்பாவுக்கும் சேர்த்து இரண்டு மாலைகள் ஆகும்.

3. 'உண்மை' என்ற சொல்லின் இன்றைய பொருளைக் கழற்றி வையுங்கள்

இன்று உண்மை என்றால் பொய்க்கு எதிர். இந்த நூல்களில் அப்படி வைத்துப் படிக்க முடியாது. உள் + மை = உண்மை; உள்ளதாம் தன்மை. அதற்கு எதிர்ச்சொல் பொய் அன்று, இன்மை.

தொல்காப்பியம் வினையியலில் குறிப்புவினையைச் சொல்லும்போது 'அன்மையின் இன்மையின் உண்மையின் வன்மையின்' என்று ஓர் அடி வரும். அல்லன், இலன், உளன், வல்லன் என்பவை உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம். நான்காவதை விட்டுவிடுங்கள். முதல் மூன்றும் நமக்குக் கருவிப்பெட்டி:

உண்மை: உளது.
இன்மை: இலது. அந்தப் பொருளே இல்லை.
அன்மை: அன்று. பொருள் இருக்கிறது, ஆனால் நீங்கள் சொல்லும் அது அன்று.

வீட்டில் பசு இல்லை என்பது இன்மை. கட்டியிருப்பது பசு அல்ல, எருமை என்பது அன்மை. பேச்சுத்தமிழில் 'இல்ல' என்ற ஒரே சொல் இரண்டு வேலையும் பார்ப்பதால் காது மழுங்கிப்போயிருக்கிறது. 'அது பசு இல்ல' என்றுதானே சொல்கிறோம். சித்தாந்த நூலைப் படிக்கும்போது அந்தப் பழக்கத்தைச் செருப்போடு வாசலில் விட்டுவிட வேண்டும்.

பயிற்சிக்கு ஒன்று. இரண்டாம் நூற்பாவின் விளக்கப் பகுதியில் 'ஏகம் என்று சுட்டுவது உண்மையின்' என்று ஒரு தொடர் வருகிறது. 'ஏகம் என்று சுட்டுவது நிஜம் என்பதால்' என்று படித்தீர்களானால் இந்தப் படியை மறுபடியும் தொடங்குங்கள். 'ஏகம் என்று சுட்டும் ஒன்று இருப்பதால்' என்பதே அங்கே பொருள்.

4. 'சத்து' எந்தக் கணக்கில் வருகிறது என்று ஒவ்வோரிடத்திலும் குறியுங்கள்

முதலில் தொடர்பில்லாதவற்றை ஒதுக்குவோம். சத்துணவிலும் சத்துமாவிலும் உள்ள சத்து நம்முடையது அன்று. சற்குருவில் இருப்பது நம் சத்துதான், ஆனால் வேறு முகம்: சத் என்பதற்கு உள்ளது, நல்லது என்று இரண்டு பொருளும் உண்டு என்று கீதையே (17:26) சொல்கிறது. சத்துவ குணம் தனி, சத்தி தனி. 'அசத்து' என்று மட்டும் தேடுபொறியில் இட்டால் அரங்கத்தை அசத்தியவர்கள் வந்து குவிவார்கள். கூடவே 'நூற்பா' அல்லது 'சிவஞானபோதம்' என்று சேர்த்துத் தேடுங்கள்.

இனி முக்கியமான இடம். சித்தாந்த நூலுக்குள்ளேயே 'சத்து' இரண்டு கணக்கில் வரும்.

முதல் கணக்கு, உள்ளதா இல்லையா என்பது. சற்காரியவாதம் என்ற சொல்லில் இருப்பது இதுதான். இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது; குடம் மண்ணில் முன்பே காரண நிலையில் உள்ளது என்பது அந்த வாதம். நூலின் முதல் நூற்பாவே இதன்மேல்தான் நிற்கிறது. 'தோற்றமும் ஈறும் உள்ளதன்பாலே கிடத்தலின்' என்பது அதன் விளக்கப் பகுதியில் வரும் ஏது, அதாவது காரணம். இந்தக் கணக்கில் உலகம் 'உள்ளது' பக்கம்.

இரண்டாம் கணக்கு, மாறாததா மாறுவதா என்பது. ஆறாம், ஏழாம் நூற்பாக்களில் வரும் சத்தும் அசத்தும் இந்தக் கணக்கு. இங்கே சத்து என்றால் என்றும் ஒருபடித்தாய் நிற்பது. அசத்து என்றால் தோன்றி நின்று ஒடுங்குவது, நிலை திரிவது, தானாக அறியும் அறிவற்றது. இந்தக் கணக்கில் உலகம் 'அசத்து' பக்கம்.

இரண்டு கணக்கும் ஒன்றையொன்று வெட்டவில்லை. உலகம் உள்பொருள், அதே சமயம் அசத்து. முரண் போலத் தெரிந்ததற்குக் காரணம், இரண்டு பேரேட்டுத் தொகையை ஒரே பக்கத்தில் கூட்டியதுதான். தாளில் முதல் கணக்கில் வருவதற்கு ஒரு நிறம், இரண்டாம் கணக்கில் வருவதற்கு வேறு நிறம் என்று அடிக்கோடு இடுங்கள்.

5. 'அ' என்ன வேலை செய்கிறது என்று சோதியுங்கள்

வடமொழிச் சொல்லின் முன் வரும் 'அ' மூன்று வேலை செய்யும். அரூபம் என்பதில் இன்மை: உருவம் இல்லை. அதர்மம் என்பதில் மறுதலை: தருமம் இல்லாத வெற்றிடம் அன்று, தருமத்துக்கு எதிரான தீமை. மூன்றாவது அன்மை: இது அது அன்று, வேறொன்று.

'அசத்து' வரும் இடத்தில் எல்லாம் இரண்டு தொடர்களை மாற்றி வைத்துப் பாருங்கள். முதலில் 'இல்லாத பொருள்'. அடுத்து 'சத்து அல்லாத பொருள்'. முதலாவதை வைத்தால் வாதம் உடைகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறாம், ஏழாம் நூற்பாக்களில் உடையும். அதை அடுத்த இரண்டு படிகளில் கண்ணாரக் காணலாம்.

6. ஆறாம் நூற்பா: இங்கே ஒரு வாரம் செலவிடுங்கள்

உணர் உரு அசத்து எனின் உணராது இன்மையின்
இருதிறன் அல்லது சிவசத்து ஆம் என
இரண்டு வகையின் இசைக்கும்மன் உலகே.

கேள்வி இது: இறைவன் நம் அறிவுக்குப் பிடிபடும் பொருளா, பிடிபடாத பொருளா? இரண்டில் எதைச் சொன்னாலும் சிக்கல் என்று நூற்பா காட்டுகிறது.

சொற்களை உரைப்படி வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். 'எனின்' என்பதை இரண்டு பக்கமும் கூட்ட வேண்டும். உணர் உரு எனின் அசத்து. உணராது எனின் இன்மை. அதாவது, நம் சுட்டறிவால் 'இதோ' என்று பிடிக்கப்படும் பொருள் என்றால், அது ஓரிடத்தில் ஒரு காலத்தில் தோன்றி மறைவது ஆகும், ஆகவே அசத்து. எவ்வகையாலும் உணரப்படாதது என்றால், முயற்கொம்பு போல அது இல்பொருள், ஆகவே இன்மை.

இப்போது 5ஆம் படியின் சோதனையைச் செய்யுங்கள். அசத்து என்றால் இல்லாதது என்று வைத்துக்கொள்வோம். 'உணரப்பட்டால் இல்லாதது, உணரப்படாவிட்டாலும் இல்லாதது' என்று ஆகிவிடும். இரண்டு கொம்புள்ள வாதம் ஒற்றைக் கொம்பாகிவிடுகிறது. அத்தோடு, கண்முன் உணரப்படும் மரமும் மாடும் இல்லாதவை ஆகிவிடுகின்றன. அடுத்த அடியில் 'இருதிறன் அல்லது' என்று நூலாசிரியர் எண்ணிச் சொல்கிறாரே, இரண்டு திறன் எங்கே போயிற்று? அசத்து வேறு, இன்மை வேறு என்று நூற்பாவே ஒரே அடிக்குள் பிரித்து வைத்திருக்கிறது. 'அசத்து என்றால் பொய்' என்று யாராவது வாதிட்டால் இந்த அடியைத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாம் அடியின் 'அல்லது' இக்காலத்து 'அல்லது' அன்று. காப்பி அல்லது டீ என்கிற அல்லது அன்று. 'இரு திறனும் அல்லாதது' என்ற அன்மைப் பொருள். 'சிவசத்து' என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். சுட்டறிவுக்கு எட்டாதது என்பதால் சிவம். அருளறிவால் உணரப்படுவது, ஆகவே இல்பொருள் அன்று என்பதால் சத்து. மூன்றாம் அடியில் 'இரண்டு வகையின்' என்பது இவ்விரண்டும்தான்.

கடைசிச் சொல் 'உலகு'. முதலடியில் உலகத்தை அசத்து என்றுவிட்டு, மூன்றாம் அடியில் உலகம் எப்படிப் பேசும் என்று மயங்க வேண்டாம். இங்கே உலகு என்பது உயர்ந்தோர், அறிவுடையோர்.

7. ஏழாம் நூற்பா: மூன்று பொறி

யாவையும் சூனியம் சத்து எதிர் ஆகலின்
சத்தே அறியாது அசத்து இலது அறியாது
இருதிறன் அறிவு உளது இரண்டு அலா ஆன்மா.

கேள்வி: அறிகிறவன் யார்? சத்தாகிய இறை அசத்தை நம்மைப்போல் அறிந்து அனுபவிப்பதில்லை. அசத்து அறிவற்றது, அறியாது. அப்படியானால் இரண்டையும் அறிந்து அனுபவிக்கும் மூன்றாவது ஒன்று வேண்டும். அதுவே உயிர். நூற்பாவின் ஓட்டம் அவ்வளவுதான். விழும் இடங்கள் மூன்று.

முதல் பொறி 'சூனியம்'. எல்லாம் வெறுமை என்னும் பௌத்தச் சூனியவாதம் நினைவுக்கு வந்துவிடும். இங்கே சொல்வது, சத்தின் முன்னிலையில் மற்றவை விளங்கித் தோன்றா என்பதை. பகலில் வானத்து மீன்கள் அழிந்துவிடுவதில்லை. ஞாயிற்றின் முன் அவற்றின் ஒளி எடுபடவில்லை, அவ்வளவே.

இரண்டாம் பொறி 'அசத்து இலது'. இதைத் துண்டாக எடுத்து மேற்கோள் காட்டுபவர்கள் நிறைய. உரையோடு படிக்க வேண்டும். இந்த இடத்தில் நூலில் வரும் வெண்பா பேய்த்தேரை உவமையாக்குகிறது. பேய்த்தேர் என்றால் கானல்நீர். தண்ணீர் என்று ஓடி வந்தவன் அருகே போனதும் அங்கே தண்ணீர் இல்லை. ஆனால் மணல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, அந்தத் தோற்றத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆராயுமிடத்து அசத்துக்குத் தனித்து நிற்கும் விளக்கம் இலது, ஆகவே அறியும் தன்மையும் அதற்கு இலது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். கானல்நீர் உவமையை அத்துவைத வேதாந்திகளும் எடுத்தாள்வார்கள். உவமை ஒன்று என்பதற்காக முடிவும் ஒன்று என்று எழுதிவிடக் கூடாது.

மூன்றாம் பொறி பெரியது. உயிரைச் 'சதசத்து' என்பார்கள். சத் + அசத்து, ஆகவே பாதி சத்து பாதி அசத்து, பாலும் நீரும் கலந்த கலவை என்று நினைப்பது இயல்பு. நூற்பாவின் சொல்லைப் பாருங்கள்: 'இரண்டு அலா ஆன்மா'. இரண்டும் அல்லாதது. 'இரண்டும் ஆம்' என்று சொல்லவில்லை. பிறகு ஏன் சதசத்து என்ற பெயர்? சார்ந்ததன் வண்ணம் ஆவதால். சத்தைச் சாரும்போது சத்தின் இயல்பாகவும், அசத்தைச் சாரும்போது அசத்தின் இயல்பாகவும் நிற்கும். படிகக் கல்லைச் செம்பருத்திப் பூவோடு வைத்தால் சிவக்கும், பூவை எடுத்தால் போய்விடும். அதனால் படிகம் செம்பாதி பூவாகிவிடாது.

திருவருட்பயன் இதை இரண்டே அடியில் முடிக்கிறது:

சத்து அசத்தைச் சாராது அசத்து அறியாது அங்கண் இவை
உய்த்தல் சதசத்தாம் உயிர்.

அடுத்த குறளிலேயே உவமையும் வருகிறது:

இருளில் இருளாகி எல்லிடத்தில் எல் ஆம்
பொருள்கள் இலதோ புவி.

எல் என்றால் ஒளி. இருளில் இருளாகவும் ஒளியில் ஒளியாகவும் நிற்கும் பொருள் உலகில் இல்லையா என்று கேட்கிறார். கண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த கண்தான், கோளாறு ஒன்றும் இல்லை. விளக்கு அணைந்தால் குருடுக்குச் சமம், ஏற்றினால் காண்கிறது. இந்த இரண்டு குறளையும் மனப்பாடம் செய்துவிட்டால் ஏழாம் நூற்பா மறக்காது.

8. 'உளது இலது' என்பதைச் சதசத்தோடு குழப்பாதீர்கள்

மூன்றாம் நூற்பா 'உளது இலது என்றலின் எனது உடல் என்றலின்' என்று தொடங்கும். ஆன்மா உள்ளதும் இல்லாததுமாக இருக்கிறது என்று இதற்குப் பொருள் எழுதிய குறிப்புகள் உலவுகின்றன. தவறு. 'இலது என்றலின் உளது' என்று மாற்றிக் கூட்ட வேண்டும். இது இல்லை, அது இல்லை என்று சொல்லிக்கொண்டே போகும் அறிவு ஒன்று இருக்கிறதே, ஆகவே ஆன்மா உளது. அடுத்தடுத்த காரணங்களோடும் 'உளது' தான் போய் முடியும். 'எனது உடல்' என்று வேறாக வைத்துச் சொல்வதால் ஆன்மா உளது, இப்படியே. நூற்பா முழுக்க ஒரே பயனிலை, அது முதற்சொல்லாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9. வேறு மதத்து வழக்கை இங்கே இறக்குமதி செய்யாதீர்கள்

அத்துவைத வேதாந்தம்: சத் என்பது முக்காலத்திலும் மறுக்கப்படாதது, அசத் என்பது முயற்கொம்பு, மலடி மகன். உலகம் இரண்டிலும் சேராது; சத் என்றும் அசத் என்றும் சொல்ல முடியாத அநிர்வசனீயம். கவனியுங்கள், அங்கே 'இரண்டும் அல்லாதது' உலகம்; இங்கே 'இரண்டு அலா' உயிர். பெயரைப் பார்த்து இரண்டையும் இணைத்தால் தேர்வுத்தாளில் சுழிதான்.

நியாயம்: அசற்காரியவாதம். குடம் செய்யப்படும் முன் அது இல்லவே இல்லை. இங்கே அசத் உண்மையிலேயே இன்மைதான்.

சமணம்: அத்திநாத்தி. ஒரு நோக்கில் உண்டு, ஒரு நோக்கில் இல்லை. இது பேசும் முறையைப் பற்றியது. சதசத்து ஒரு பொருளின் இயல்பைப் பற்றியது.

உபநிடத வாசகங்களிலும் இதே எச்சரிக்கை. 'முன்பு இது அசத்தாகவே இருந்தது' என்று தைத்திரீயம் சொல்லும் இடத்தில், பெயரும் உருவமும் வெளிப்படாத நிலை என்றே சங்கரர் பொருள் கொள்கிறார். இல்லாமை என்று அவரே எடுக்கவில்லை.

திருவாய்மொழியின் முதற் பதிகத்தில் 'உளன் எனில் உளன்' என்று தொடங்கி, 'உளன் அலன் எனில்' என்று தொடரும் பாசுரம் ஒன்றுண்டு. உண்மை, அன்மை, இன்மை மூன்றுக்கும் தமிழில் அதைப்போலக் காதுக்குப் பயிற்சி தருவது வேறு கிடையாது. வாய்விட்டுப் படியுங்கள். ஆனால் அதன் பொருளை வைணவ உரைகளிடம் கேளுங்கள். போதத்துக்கு உரையாக்க வேண்டாம்.

10. நீங்களே எழுதும்போது

எழுத்து: சத்து, அசத்து, சதசத்து. மூன்றாவதில் முதல் 'த'வுக்கு ஒற்று மிகாது. சற்காரியவாதம், அசற்காரியவாதம் என்று றகர ஒற்றோடு எழுதுவது வழக்கு.

'உலகம் அசத்து' என்று எழுதலாம். 'உலகம் இல்பொருள்' என்று எழுதினால் கட்சி மாறிவிட்டீர்கள். 'உயிர் சதசத்து' சரி. 'இறைவன் சதசத்து' தவறு. 'ஆணவம் அசத்து' சரி (ஆணவம் இங்கே செருக்கு அன்று, உயிரின் அறிவை மறைக்கும் மலம்). அதைப் படித்ததும் 'அப்படியானால் ஆணவம் அநாதி (தொடக்கமற்றது) ஆகாதே' என்று யாராவது கேட்பார்கள். 4ஆம் படியின் இரண்டு பேரேட்டைக் காட்டுங்கள்: உள்பொருள் என்ற கணக்கில் அது அநாதியாய் உளது, மாறுவது, அறிவற்றது என்ற கணக்கில் அசத்து. 'அசத்து' என்பதற்குத் தமிழ்ச்சொல் போட்டே ஆகவேண்டும் என்றால் 'நிலையாப் பொருள்' பரவாயில்லை. 'பொய்ப்பொருள்' வேண்டாம். நான் கேட்டால் அசத்து என்றே விட்டுவிடலாம் என்பேன். கலைச்சொல்லை மொழிபெயர்த்து விளக்குவதைவிட, விளக்கிவிட்டு அப்படியே ஆள்வது வாசகருக்குக் குறைந்த சிரமம்.

11. கால அட்டவணை

முதல் வாரம்: 1 முதல் 5 வரையுள்ள படிகள். நிறக்கோடு இட்ட தாள் தயாராகியிருக்க வேண்டும்.

இரண்டாம் வாரம்: ஆறாம் நூற்பா மட்டும். சிற்றுரையை ஒரு முறை, இக்கால விளக்கவுரையை ஒரு முறை, பிறகு உரையைப் பார்க்காமல் நூற்பாவை உங்கள் சொல்லில் ஐந்து வாக்கியத்தில் எழுதுங்கள். 'எனின்' இரண்டு முறை வந்ததா, 'இன்மை' தனியாக நிற்கிறதா என்று சரிபாருங்கள்.

மூன்றாம் வாரம்: ஏழாம் நூற்பா நான்கு நாள், திருவருட்பயன் குறள்கள் ஒரு நாள், மூன்றாம் நூற்பா ஒரு நாள். மிச்சமிருக்கும் நாளில் இரண்டாம் நூற்பாவின் விளக்கப் பகுதிக்குத் திரும்பி 'அத்துவிதம்' என்ற சொல்லை எடுங்கள். அதன் முன்னும் ஓர் 'அ' நிற்கிறது. இரண்டு இன்மையா, இரண்டு அன்மையா? இன்மை என்றால் பொருள் ஒன்றே என்றாகும். சிவஞான முனிவர் அன்மை என்கிறார்: பொருள் இரண்டு, நிற்கும் நிலையில் இரண்டாகத் தோன்றா. 5ஆம் படியின் சோதனையை அந்தச் சொல்லிலும் செய்து, விடையை உரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவறினால் 3ஆம் படி, பசுவும் எருமையும்.